பச்சைக் குடை

மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கும் கொட்டகையின் வெளிச்சுவரில், நாளாந்தம் போய்வரும் பயணிகளை டொமினிக் ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறான். தன் முகமும் சுவரேறியிருந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பதைப்போடு தினமும் முட்டை விற்கப் போகும் பரீதா ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறாள். மீன் வியாபாரி சிரிக்கிறார், வாத்தியார் தூங்கிவழிகிறார். கடைசி ஆசனத்தில், வெள்ளைத் துணியால் ஒட்டுப்போட்ட பச்சைக் குடையொன்று விரிந்திருக்கிறது. அதன் கீழே முட்டைக் கூடையும் இரண்டு பாதங்களும் மட்டும்தான்.

"முகம் கீறேல்லை ராத்தா. நீங்கள் விரும்பமாட்டியள் எண்டு தெரியும்," என்கிறான், குந்தியிருந்து கடலுக்கு நீலம் பூசியபடியே. உச்சி வெயில் அவன் பிடரியில் எரிகிறது. புறப்படப்போகும் லோஞ்ச் ஊதுகிறது. அவள் கையிலிருக்கும் அதே பச்சைக் குடையை விரித்து அவன் தலைக்கு மேலே பிடிக்கிறாள்.

"ஊதட்டும் தம்பி. நீங்க கீறி முடிங்க."

வெயில் முழுவதும் இப்போது அவள் முகத்தில்.