சிவப்புக் குறி

விடிந்து பார்த்தால் தெருவில் பதினோரு வீட்டு கேட்டிலும் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. கோடியில் இருந்த பன்னிரண்டாவது கேட் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அது பல் செட்டுக்காரர் வீடு. முன்னறையில் உட்கார்ந்து ஊரிலுள்ள டாக்டர்களுக்கெல்லாம் பொய்ப்பல் வார்த்துக் கொடுப்பவர். எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்; அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'பொறுங்க'.

"குறி போட்ட வீட்டுக்கெல்லாம் வீட்டு வரி மூணு மடங்காம்ணே," என்றார் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். "உங்களுக்கு மட்டும் எப்படி விட்டாங்க?"

"என் வீடு பழசு, ஓடு வேற. பாவம்னு விட்டிருப்பாங்க." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

வாரம் திரும்புவதற்குள் மெயின் ரோட்டில் ஓர் அறை பிடித்து வந்து உட்கார்ந்தார் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். வீடுகளை மொத்தமாக வாங்குகிறார் என்று பேச்சு. வரிக்குப் பயந்து முதலில் கையெழுத்துப் போட்டவர் லாரி டிரைவர்தான். அப்புறம் தையல்காரம்மா, அப்புறம் எதிர்வீட்டு வாத்தியார். காலியான வீடுகளில் ஜன்னலையும் கதவையும் மறுநாளே கழற்றிக்கொண்டு போனார்கள். கண்ணைத் தோண்டி எடுத்த முகங்கள் மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன.

பல் செட்டுக்காரரின் மனைவிக்கு இழுப்பு உண்டு. அந்தத் தூசியில் அது அதிகமாகிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"வீடு தேடிட்டு இருக்கிற அந்த நர்ஸம்மா நேத்தும் வந்து நம்ம வீட்ட விலைக்குக் கேட்டாங்க. குடியிருக்கத்தான் வாங்குறாங்களாம். நல்ல விலைதான் சொல்றாங்க. குடுத்துட்டுப் பெரிய பொண்ணு வீட்டுப் பக்கம் போயிடலாங்க."

"பொறு. வரி கூடுமா கூடாதான்னே தெரியல. தெருவே வரிக்குப் பயந்து கிடக்கறப்ப வித்தா அடிமாட்டு விலைக்குத்தான் போகும். கூடலன்னு முடிவாகட்டும், அப்புறம் பாரு."

"சாயங்காலம் ஆனா தெருவே வாயப் பொத்திக்கிட்ட மாதிரி இருக்கு."

"உனக்குப் புரியல. ஒருத்தன் பதினோரு வீட்ட வாங்குறான்னா சும்மாவா? ஆஸ்பத்திரியோ, பெரிய கடையோ கட்டப் போறான். கோடி வீடு இல்லாம அவனுக்கு ஆகாது. நம்மகிட்ட வந்து நிப்பான்."

"எங்க வந்தான்? எல்லா வீட்டுக்கும் ரெண்டு தடவ போனவன் நம்ம வாசப்படிய மிதிக்கவே இல்லையே."

"கடைசியா வருவான். பிடி நம்ம கையில இருக்குன்னு அவனுக்குத் தெரியும்."

நர்ஸம்மா வேறு இடத்தில் வீடு பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் இயந்திரங்கள் வந்தன. பதினோரு வீடும் இரண்டே நாளில் தரையோடு தரையானது. அலமாரியில் அவர் வார்த்து வைத்திருந்த பல் செட்டுகள் பகலெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பிறகு அந்த இடத்தையும் பின்னாலிருந்த பொட்டலையும் சேர்த்து, இவர் வீட்டுச் சுவரை ஒட்டி, இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள்.

"அடியிலயே கார் நிறுத்த இடம் விடுறான், பாத்தியா?" என்றார் அவர். பள்ளத்தில் எதற்காகக் கறுப்பு பிளாஸ்டிக் விரிக்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். "மழைத் தண்ணி இறங்காம இருக்க," என்றார்.

ஒரு காலையில் பேப்பரில் வந்தேவிட்டது. வீட்டு வரி உயர்வு இல்லை. யாருக்கும் இல்லை.

பல் செட்டுக்காரர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். "இதுதான் நேரம்," என்றார். மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாயில் இன்ஹேலர் இருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உங்க வேலை என்னால நிக்கக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்," என்றார் இவர். "மத்தவங்களுக்குக் குடுத்ததுல ரெண்டு பங்கு குடுங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். பதினோரு கட்டங்களைச் சுற்றித் தடிமனாக ஒரு கோடு ஓடியது. பன்னிரண்டாவது கட்டம் அந்தக் கோட்டுக்கு வெளியே, அதைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

பல் செட்டுக்காரர் அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சரி, ஒன்றரைப் பங்கு." நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். "அவங்களுக்குக் குடுத்ததே போதுங்க. வீட்டுல அவளுக்கு மூச்சு முட்டுது."

வெள்ளைச் சட்டைக்காரர் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார்.

"உங்க வீடு வேணாங்கய்யா. ஊர்க் குப்பையக் கொட்ட இதுவே தாராளம்."