ஏழு பாக வீரம்

டிராமில் ஒரு தடியன், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்ற முக்காடிட்ட பெண்ணை இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். வீரத்தைப் பற்றி ஏழு பாகம் எழுதிய நான், கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோத்தன்பர்க் நகரில் குழந்தை வைத்திருக்கும் வீடுகளில் என் கதைநாயகன் பிர்க்கைத் தெரியாதவர்கள் குறைவு. இளவரசனின் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற பயந்தாங்கொள்ளி. யாரும் அவனைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு பாகத்திலும் இளவரசன் மயங்கி விழுவான், பிர்க்தான் டிராகன் எதிரில் போய் நிற்பான்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பேச வேண்டியிருந்தது. அழைத்துப்போக வந்திருந்தவர் அந்தப் பள்ளி நூலகர் ஸிக்னே. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். அறிமுக உரை சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

பக்கத்து இருக்கை காலியானது தெரிந்து அரைக்கண் திறந்தேன். ஸிக்னே அந்தத் தடியனுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் போய் நின்றிருந்தார். பயத்தில் கைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

"இவங்க இறங்க மாட்டாங்க. பிடிக்கலைன்னா நீங்க இறங்கிக்கோங்க."

அவன் அவர் முகத்துக்கு நேரே குனிந்து என்னென்னவோ திட்டினான். அவர் நகரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவன்தான் இறங்கிப் போனான்.

ஸிக்னே திரும்பி வந்து உட்கார்ந்தார். அறிமுகத்தில் என் விருதுகளை எந்த வரிசையில் சொல்வது என்று கேட்டார். நான் சொன்னேன். வேறென்ன சொல்ல?

பள்ளியில் அறுபது பிள்ளைகள். ஸிக்னே காது சிவக்க இரண்டே வாக்கியம் பேசிவிட்டு, கடைசி வரிசை மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டார். நான் முக்கால் மணி நேரம் முழங்கினேன். பயமே இல்லாதவன் வீரன் இல்லை, பயந்துகொண்டே முன்னால் போகிறவன்தான் வீரன் என்றேன். எனக்கே கண் கலங்கியது.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். எல்ஸா என்று பெயர் சொன்னாள். நிஜத்தில் பிர்க் மாதிரி யாராவது உண்டா என்று கேட்டாள்.

சத்தியமாக, ஸிக்னேயைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். காலையில் டிராமில் நடந்ததை விவரித்தேன். "அப்போ ஒருத்தர் மட்டும் எழுந்து போய் நடுவுல நின்னாங்க" என்று நிறுத்தினேன்.

"அது நீங்கதானே?" என்றாள் எல்ஸா.

நூற்றிருபது கண்கள் என்னையே பார்த்தன. இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்ல அதைவிட நாகரிகமான வழி கிடையாது.

கைதட்டல் ஓய்ந்தபோது மூலையில் ஸிக்னே எழுந்து நிற்பதைப் பார்த்தேன்.

"நானும் அதே டிராம்லதான் வந்தேன்" என்றார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். "நீங்க என்ன பண்ணீங்க ஸிக்னே?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. பிறகு பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார்.

"நானா? பயந்துபோய் அப்படியே உட்கார்ந்துட்டேன்."

எல்ஸாவுக்கு மனசு கேட்கவில்லை. மேசையிலிருந்து என் முதல் பாகத்தை எடுத்துப்போய் ஸிக்னேயின் கையில் வைத்தாள்.

"கவலைப்படாதீங்க. இவர் புத்தகத்தைப் படிங்க. உங்களுக்கும் தைரியம் வந்துடும்."