பெரிய நம்பர்

கோச்செவின் சட்டைக் காலரைப் புகைப்படக்காரி சொர்னிட்சா பதமாக மடித்துவிட்டாள். "உங்க முகம் போதும் ஐயா. ஓட்டு தானா விழும்."

மேயர் தேர்தல் சுவரொட்டிக்கான படம். கல்பாலத்தில் நின்ற கோச்செவுக்குப் பின்னால் ஆறு, அதன் கரையில் அவருடைய தோல் ஆலை. அந்த ஆலைக் கழிவில்தான் சொர்னிட்சாவின் அப்பா வளர்த்த மீன்கள் மொத்தமும் செத்து மிதந்தன. கழிவுக் குழாயை எப்போதோ அடைத்துவிட்டதாகக் கோச்செவ் கோர்ட்டில் சத்தியம் செய்தார். ஆதாரம் இல்லையென்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

"உங்கப்பன் என்மேல கேஸ் போட்டான். பொண்ணு எனக்குக் காலர் மடிக்குது" என்று சிரித்தார். "உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரியாமே. மீன் நாத்தம் போச்சா?"

அவள் கேமரா ஸ்டாண்டை விரித்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. என் மூஞ்சி பளிச்சுனு இருக்கணும். பின்னாடி ஆலை, கரை எல்லாம் பஞ்சு மாதிரி கலங்கிடணும். பெரிய நம்பர் வை."

"பெரிய நம்பரா?"

"என் சகலை சொன்னான். நம்பர் பெரிசானா லென்ஸ் பெரிசாத் திறக்குமாம், பின்னாடி ஒண்ணும் தெரியாதாம். எனக்கே பாடம் எடுக்காத."

"எவ்வளவு பெரிசு ஐயா?"

"இருக்கறதுலயே பெரிசு."

லென்ஸ் நம்பரை இருபத்திரண்டில் வைத்தாள். "கொஞ்சம் நேரம் பிடிக்கும். மூச்சுகூட விடாம நில்லுங்க."

கேமராவின் குட்டித் திரையில் கோச்செவ் தன் முகத்தை மட்டும் பார்த்தார். மீசை பிடித்திருந்தது. அப்போதே அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னார்.

சந்தை நாளன்று நகராட்சிச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்குப் படம் தொங்கியது. கீழே ஊரே அண்ணாந்து நிற்பதைக் கண்டு கோச்செவ் பூரித்துப்போனார்.

ஆனால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முன்னால் சொர்னிட்சாவின் அப்பா சூரியகாந்தி விதையை மென்று தொலியைத் துப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய வக்கீல், செல்போனில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கோச்செவ் திரும்பி மேலே பார்த்தார். சொர்னிட்சாவுக்குப் போன் போட்டார்.

"அடிப்பாவி, குழாய் தெரியுதுடி. அதுல ஊத்துற கறுப்புத் தண்ணிகூடத் தெரியுது. நான் சொன்ன நம்பர்தானே வெச்ச?"

"அதேதான் ஐயா. நம்பர் பெரிசானா ஓட்டை சின்னதாகும், பின்னாடி இருக்கற எதுவும் தப்பாது."