முட்டைக்குள் கேட்ட செய்தி

தோப்பில் ஆபத்து வந்தால் குரல் கொடுப்பது அணிலின் வேலை. கண்ணால் பார்க்காமல் அது வாய் திறக்காது. அதனாலேயே, எதையும் முந்திச் சொல்லத் துடிக்கும் மைனாக்கள் அதை ஓரங்கட்டிவிட்டன.

ஒருநாள் மைனா ஒன்று, "புறா முட்டையைச் சாரைப்பாம்பு தின்னுடுச்சு! உடனே பத்துப் பேருக்குச் சொல்லுங்க!" என்று கத்தியது. நொடியில் தோப்பே அதைச் சொன்னது. பாம்பைக் கொத்திக் கொல்லக் கூட்டம் கிளம்பியது. இரை தேடப் போயிருந்த தாய்ப்புறாவும், தன் கூட்டை எட்டிப் பார்க்காமலே, அழுதுகொண்டு அதில் சேர்ந்துகொண்டது.

அணில் கூட்டுக்கு ஓடியது. முட்டை முழுசாக இருந்தது.

"முட்டை பத்திரமா இருக்கு! வந்து பாருங்க!"

"இருந்தா என்ன? தோப்பே சொல்லியாச்சு," என்றது பக்கத்துக் கிளை மைனா. "நீயும் ஒரு தடவை சொல்லிடு. இல்லேன்னா நீ பாம்போட ஆளுன்னு சொல்லிடுவோம்."

"சொல்லிக்கோ! நான் மாட்டேன்!"

அப்போது முட்டை ஓடு பிளந்தது. உள்ளே இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்த குஞ்சு, தலையை நீட்டியதும் அலறியது: "ஐயோ, என்னைப் பாம்பு தின்னுடுச்சு!"

"கேட்டியா? அதுவே சொல்லுது!" என்று மைனா குதித்தது.

அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்தது. தொண்டை கிழியக் கத்தியது:

"நீ உசிரோடதான் இருக்கே! நீயே ஒத்துக்கலைன்னாலும் நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்!"