ஸ்டெப்னி சைக்கிள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். சின்னக் கதைதான். காதோடு சொல்ல வேண்டிய கதை.

"பஞ்சராயிக் கெடக்குது அம்மணி."

சொல்லிவிட்டார் ஸ்டெப்னி மாமா. சொன்னது பொய்.

எதிர்வீட்டுத் துளசிமணி, சுவரோரம் பழைய சேலை போர்த்தி நின்ற சைக்கிளைப் பார்த்தாள். பனியன் கம்பெனிக்குப் போக அவரிடம் ஒரு சைக்கிள் உண்டு. அது படுத்துக்கொண்டால் ஓட்ட இது. தெருவே அவரை 'ஸ்டெப்னி மாமா' என்று கேலி பேசும்.

அவள் சைக்கிளில் செயின் அறுந்துவிட்டது. அதனால்தான் கேட்டு வந்தாள்.

"இன்னைக்கும் லேட்டாப் போனா என்ற மிசின்ல வேற ஆள உக்கார வெச்சுருவாங்கண்ணா" என்றாள். திரும்பி ஓடினாள்.

கொடுத்திருக்கலாம்.

ஆனால் இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கும் கேட்பாள். நாளைக்கே தன் சைக்கிள் மக்கர் செய்தால்?

அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பிறகு பயம் வந்தது. யாராவது டயரை அமுக்கிப் பார்த்தால்?

சேலையை விலக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்சக்கரத்து வால்வின் நட்டைத் திருகி எடுத்தார். காற்று சீறிக்கொண்டு போனது.

இனி அது பொய்யில்லை.

கேட் கிரீச்சிட்டது.

துளசிமணிதான். கையில் பம்பு. மூச்சு வாங்கியது.

"முக்கு வீட்டுல வாங்கியாந்தேங்ணா. காத்தடிச்சா கம்பெனி வரைக்கும் தாங்கும். சாயங்காலம் நானே பஞ்சர் ஒட்டிக் கொண்டாந்துடறேன்."

நட்டு அவர் உள்ளங்கையில் இருந்தது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

அவள் வால்வைத் தடவினாள்.

"அய்யோ, நட்டக் காணமேங்ணா!"

மண்டியிட்டாள். மழை நனைத்த மண்ணைத் துழாவினாள். வேலைக்கு உடுத்திய சேலை சேறானது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அவரும் குனிந்தார்.

அவரும் தேடினார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது கையைத் தளர்த்தினார்.

"இதா, இங்க கெடக்குது பாரு."

அவள் எடுத்தாள். எடுத்த விரல்கள் அப்படியே நின்றன.

மண் சில்லென்றிருந்தது. நட்டு வெதுவெதுவென்றிருந்தது.

அவள் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார்.

கேட்கவில்லை. நட்டை முடுக்கினாள். காற்றடித்தாள். டயர் கல் மாதிரி ஆனது. ஒரு பொட்டுக் காற்றும் கசியவில்லை.

கேட்டருகில் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"சாயங்காலம் கொண்டாந்து உட்டுடறேங்க."

அண்ணா என்ற சொல் வரவில்லை.

அன்றைக்கு அவர் தன் சைக்கிளில் ஏறவில்லை. கம்பெனி வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் படியேறி வருகிறவர்கள் என்றைக்கும் உங்களை முறை சொல்லியே கூப்பிடட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.