பதினெட்டாவது கருவி

"அண்ணே, நேத்து அனுப்புன குறிப்பைப் படிச்சீங்களா?"

"ம்... படிச்சேன், படிச்சேன்."

பெரியவர் அதைத் திறக்கவே இல்லை. கேட்டவன் அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவன். இந்தச் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பதினாறு வருடம். அவன் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவன் எழுதியதை அவர் படிப்பதாவது!

அவன் அடுக்கிய கருவிப் பெட்டி சுவரோரம் மினுக்கிக்கொண்டு நின்றது. நடுவில் கன்ட்ரோலர், அதன் முகத்தில் ஒரு ட்ரிக்கர் ஒயர். ஒயரில் சைகை வந்தால்தான் மற்றக் கருவிகள் கிளம்பும். அது அவருக்குத் தெரியாதா என்ன?

"பதினெட்டுக் கருவிண்ணே. எல்லாம் ஒரே கணத்துல பதிவு பண்ணும், இம்மி பிசகாது."

பெரியவர் கண்ணாலேயே எண்ணினார். பதினேழுதான். எண்ணத் தெரியாதவனுக்குப் பிரிவுத் தலைவர் பதவியா? இன்று மூன்று மணிக்கு நடக்கும் சோதனை ஜெயித்தால் நாற்காலி அவனுக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டிலோ, "என் தங்கச்சி குடுத்துவச்சவ" என்று காலையிலேயே பாட்டு. அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் உள்ளே வந்தார். ஒயரைப் பிடுங்கினார். கழன்றது தெரியாதபடி துளையோரம் சாய்த்து வைத்தார். அன்றைக்குச் சாப்பாடு ரொம்ப ருசித்தது.

மூன்று மணிக்கு மேலாளரோடு வாடிக்கையாளர் அம்மையாரும் வந்தார். திரையைப் பார்த்த சகலையின் முகம் மாறியது.

"சார், யாரோ ஒயரைக் கழட்டியிருக்காங்க!"

"அடடா!" பெரியவர் உச்சுக்கொட்டினார். "அப்போ சோதனை நடக்காதா? இதுக்குத்தான் பொறுப்பான ஆள் ஒருத்தர் வேணுங்கிறது."

"சோதனை நடந்தே முடிஞ்சிருச்சுண்ணே. மேடத்தோட மெஷின்ல சைகை வர்ற லைன் அறுந்தா அந்தக் கணத்துல என்ன ஆகுதுன்னுதானே பார்க்கணும்? அதனால, சைகை நின்னாத்தான் ட்ரிக்கர் ஆகும்படி வச்சிருந்தேன். மூணு மணிக்கு மேடம் கையாலயே ஒயரைப் பிடுங்கறதா இருந்தது. குறிப்புல எழுதியிருந்தேனே?"

அம்மையார் திரையருகே குனிந்தார்.

"ஒரு மணி பன்னண்டு நிமிஷம். பதினெட்டும் ஒண்ணாக் கிளம்பியிருக்கு. சொல்லாம கொள்ளாம பிடுங்கியும் பிசகலையே! இதைவிட நல்ல சோதனை ஏது? எனக்குப் பரம திருப்தி."

மேலாளர் சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவருக்குத் தாங்கவில்லை.

"பதினெட்டு எங்கேப்பா இருக்கு? நான் காலையிலேயே எண்ணினேன், பதினேழுதான்!"

"மேல பாருங்கண்ணே. ஒயர் எப்படி அறுந்ததுன்னும் தெரியணுமேன்னு கேமராவையும் சேர்த்திருந்தேன்."

மேலாளர் ஏற்கெனவே அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.