ரெகுலேட்டர்

"உட்காருங்கண்ணே, நீங்க போய் நிக்கலாமா!" என்று மேனேஜரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் ஏசிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினாறு வருஷத்தில் இந்த அறைக்குள் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. காலையில் மனைவி மெனக்கெட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டை வீண்போகவில்லை.

மேனேஜர் ஒரு காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "மூணாவது மாடியைப் பாருங்க. நூறு பாரத்துக்கு ஒன்பது தப்பு விட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப ரெண்டுதான். எல்லாம் நீங்க மாட்டின ரெகுலேட்டர் பண்ணின மாயம்ண்ணே!"

ஏசிக்காரர் நெளிந்தார். பாவம், கூச்சப்படுகிறார் என்று மேனேஜர் நினைத்திருக்கலாம்.

மூன்றாவது மாடியில் அறுபது பேர். ஆஸ்பத்திரி பாரங்களைப் பார்த்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டி, மூன்று எட்டாகத் தெரியும். காற்று வரும் துவாரத்துக்கு அடியில் இருப்பவர்களுக்கு விரல் விறைத்து, ஒரே எண் இரண்டு தடவை விழும். தப்பு கூடினால் மேலிடத்திலிருந்து திட்டு வரும். திட்டு வாங்கிய கையோடு எல்லோரும் கீழே ஏசி மெஷின் இருக்கும் பிளான்ட் ரூமுக்குப் போன் போடுவார்கள்.

"அண்ணே, புழுங்குது. உயிர் போகுது."

வைத்த போன் ஆறுவதற்குள், துவாரத்துக்கு அடியில் இருக்கும் ஸ்வெட்டர் அக்கா. "ஏன் தம்பி, எங்களை ஐஸ்பெட்டியில வெச்சுப் பாக்கணும்னு ஆசையா?"

அவரும் சளைக்காமல் பேனலில் டிகிரியைக் கூட்டுவார், குறைப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்து, மூன்று நாள் உருட்டிப் புது மெஷின் வைத்துவிட்டுப் போனதிலிருந்து அது சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்பதில்லை. புதுசு, பழக நாளாகும் என்று பொறுத்துக்கொண்டார். நாளைக்கு நாற்பது போன். மனுஷன் ஒரு வாய் டீ சூடாகக் குடித்ததில்லை.

ஒருநாள் ஸ்வெட்டர் அக்காவுக்கு "இதோ கூட்டிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கூட்டவே மறந்துபோனார். ஐந்தாவது நிமிஷம் அக்காவே கூப்பிட்டாள். "இப்பத்தான் தம்பி உயிர் வந்துச்சு. நீ நல்லாயிருப்பே."

அன்றைக்கு உதித்த யோசனைதான். வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் துடைத்து, சுற்றிலும் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வரை எண்களை ஒட்டி, மூன்றாவது மாடிச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். "இனிமே உங்க இஷ்டம். நீங்களே வெச்சுக்குங்க" என்றார். பின்னால் ஒயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெறும் சுவர்தான்.

அதற்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! காலையில் ஜன்னல் கோஷ்டி, மத்தியானத்துக்கு மேல் ஸ்வெட்டர் கோஷ்டி என்று முறை வைத்துத் திருகினார்கள். திருகிவிட்டு வந்து "அப்பாடா" என்று உட்கார்ந்தவர்கள் தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். பிளான்ட் ரூமில் போன் அடிப்பதே நின்றுபோனது.

"அதான்ண்ணே, மேலிடத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க" என்று மேனேஜர் இழுத்தார்.

ஏசிக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லா மாடியிலயும் அதே மாதிரி ஒண்ணு மாட்டப் போறாங்க. அப்புறம்... போனே வராத ரூமுக்கு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்கண்ணே. இந்த மாசத்தோட உங்களை..." மேனேஜர் மீதியைச் சொல்லாமல், சுத்தமாக இருந்த மேஜைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஏசிக்காரருக்கு ஐம்பத்தோரு வயசு. கீழே இருக்கும் அந்த ஒரு மெஷினைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்து அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவிதான். நல்ல சேதிக்குக் காத்திருப்பாள். எடுக்காமல் அணைத்தார்.

உண்மையைச் சொன்னால் அறுபது பேரையும் மூன்று மாதம் முட்டாளாக்கியவன் என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால் வேலை போகும். பெயர் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெகுலேட்டர் சும்மா. அவங்க எத்தனை திருகினாலும் ஒண்ணும் ஆகாது. நிஜமா கூட்டிக் குறைக்கிறதெல்லாம் கீழே என் பேனல்லதான். நான் போயிட்டா இந்தக் கட்டடமே வெந்துபோயிடும் சார்." நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அதுக்குப் பின்னாடி ஒயரே கிடையாது சார்!"

மேனேஜர் அதிர்ச்சி அடையவில்லை. கோபப்படவும் இல்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு வருஷமா உங்க பேனலுக்கும் கிடையாதுண்ணே."